கமரா காணாத ஏழரை மணித்தியாலம்

தரிப்பிடத்தை நடத்தும் தனியார் கம்பனி அனுப்பிய கடிதத்தில் இரண்டு படங்கள் இருந்தன. காலை 9.12க்கு எங்கள் கார் கடைத்தொகுதியின் தரிப்பிடத்துக்குள் நுழைகிறது, மாலை 5.40க்கு வெளியேறுகிறது. அங்கே இலவசமாக நிறுத்தக்கூடியது 2 மணித்தியாலம். நாங்கள் 8 மணித்தியாலம் 28 நிமிடம் நின்றதாக எழுதி, 100 பவுண்ஸ் கேட்டிருந்தார்கள். 14 நாளுக்குள் கட்டினால் 60.

அது ஒரு சனிக்கிழமை. காலையில் போய்ப் பாணும் பாலும் வாங்கிக்கொண்டு, மகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டேன். பின்னேரம் அவளுக்குச் சப்பாத்து வாங்க மறுபடி அங்கே போனோம். காலையில் வெளியேறியதையும் பின்னேரம் நுழைந்ததையும் கமரா தவறவிட்டிருக்கிறது. இரண்டு வரவை ஒன்றாக ஒட்டி, நடுவே இருந்த ஏழரை மணித்தியாலத்தையும் எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

“அறுபது பவுண்ஸ்தானே, கட்டிப்போட்டு நிம்மதியா இருங்கோ” என்றாள் மனைவி. அவளைக் குறை சொல்ல மாட்டேன். விசாவுக்குக் காத்திருந்த வருடங்களில், வாசலில் கடிதம் விழுகிற சத்தத்துக்கே திடுக்கிட்டவர்கள் நாங்கள். இப்படியான கடிதத்துக்குப் பெயர் பி.சி.என். அதே மூன்றெழுத்தால்தான் கவுன்சில் அனுப்பும் தண்டச் சீட்டையும் அழைக்கிறார்கள். கவுன்சிலுடையது சட்டம் விதிக்கும் தண்டம். தனியார் கம்பனியுடையது, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று அனுப்பும் பில். பயந்த மனிதனுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்; அப்படித் தெரிய விட்டிருப்பதே பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன்.

நண்பர் ஒருவர், “கிழிச்செறியுங்கோ, அவையள் ஒண்டும் செய்யேலாது” என்றார். அதுவும் பிழை. தனியார் நிலத்தில் காருக்குச் சக்கரப் பூட்டுப் போடுவதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்தியது. அதே சட்டம், ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டாலும் காரைத் தன் பெயரில் பதிந்து வைத்திருப்பவரிடம் காசு கேட்க வழியும் விட்டது. செம்ஸ்ஃபோர்டில் ஒருவர் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கூடுதலாக நின்றதற்குக் கேட்ட 85 பவுண்ஸ் செல்லும் என்று 2015இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. பேசாமல் இருந்தால் வழக்கு வரை போகலாம்.

எனவே அந்த நாளைத் தேடத் தொடங்கினேன். சமையலறை லாச்சியில் காலை 9.33க்குப் பாண் வாங்கிய பற்றுச்சீட்டு கிடைத்தது. சப்பாத்துக் கடைச் சீட்டு மாலை 5.26. தமிழ்ப் பள்ளி ஆசிரியை, நான் மகளை விட்ட நேரத்தையும் ஏற்றிய நேரத்தையும் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். எல்லாவற்றிலும் பலமானது, மதியம் 1.50க்கு வேறோர் ஊரில் 38 லீற்றர் பெற்றோல் அடித்த சீட்டு. தரிப்பிடத்தில் நிற்கிற காருக்கு வேறோர் ஊரில் பெற்றோல் அடிக்க முடியாதே!

கம்பனிக்கு அனுப்பினேன். கவனமாகப் பரிசீலித்தோம், ஏற்க முடியாது என்று பதில் வந்தது. நான் காட்டிய சீட்டுகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அந்த நிராகரிப்போடுதான் போப்லா என்ற மேன்முறையீட்டு அமைப்புக்குப் போவதற்கான இலக்கமும் வந்தது. போப்லாவுக்குப் போகக் கட்டணம் இல்லை. அதன் முடிவு கம்பனியைக் கட்டுப்படுத்தும், எங்களைக் கட்டுப்படுத்தாது. அன்று எங்கள் இலக்கத் தகட்டைக் கமரா பதிந்த எல்லாப் பதிவுகளையும் கம்பனி காட்ட வேண்டும் என்று எழுதினேன். அவர்கள் அனுப்பியது பழைய இரண்டு படங்களை மட்டும். மேன்முறையீடு ஏற்கப்பட்டது. மனைவி முடிவை இரண்டு தரம் வாசித்தாள்.

செய்தி கேட்டுப் பக்கத்து வீட்டு அண்ணை ஓர் உறையோடு வந்தார். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்பவர். போன வருடம் வந்த கடிதம். அதே தரிப்பிடம், காலையும் மாலையுமாக இரண்டு படங்கள். “நானும் ரெண்டு தரம்தான் போனனான் தம்பி. இதுக்கும் எழுதலாமே?” என்று கேட்டார். அவர் மூன்றாம் நாளே 60 பவுண்ஸ் கட்டியிருந்தார். கட்டிய பிறகு போப்லா எடுக்காது என்று சொல்ல வேண்டியிருந்தது. கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்தார்.