வீடு ஓடுகிறது, கடல் கூடவே வருகிறது!

சமையலறை, படுக்கையறை, பாத்ரூம் மூன்றும் மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் எப்படி இருக்கும்?

"பாத்திரம் உருளும்" என்றாள் என் மனைவி. உருண்டது. முதல் வளைவிலேயே சாம்பார் பொடி டப்பா ஒரு மூலைக்கும் இவள் இன்னொரு மூலைக்கும் போனார்கள். அதற்கப்புறம் டப்பாக்களை எல்லாம் துண்டில் சுற்றி அலமாரிக்குள் படுக்க வைத்துவிட்டாள்.

நியூஸிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் இருக்கிறார்கள். "ஓட்டலே வேண்டாம் மாமா, கேம்பர்வேன் எடுத்துடலாம். வீட்டையே கூட்டிக்கிட்டுப் போகலாம்" என்றார் மாப்பிள்ளை. ஆறு பேர் படுக்கிற வேன். சாதாரண கார் லைசென்ஸே போதும். நம்ம ஊர் மாதிரியே இடது பக்க டிரைவிங். கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், குழாய், மேஜையை மடக்கினால் கட்டில். நாலு பேர், ஒரு வாரம், ஒரு பெரிய மூட்டை அரிசி. கிளம்பிவிட்டோம்.

லூயிஸ் கணவாய் வழியாக மலையைக் கடந்து தெற்குத் தீவின் மேற்குக் கரைக்கு வந்தால் வெஸ்ட்போர்ட். அங்கிருந்து தெற்கே ஹாஸ்ட் வரை சுமார் 420 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரை போகிற தூரம்கூட இல்லை. ஆறாம் நம்பர் நெடுஞ்சாலை. வலது பக்கம் டாஸ்மன் கடல், இடது பக்கம் தெற்கு ஆல்ப்ஸ் மலை. இந்த மேற்குக் கரை மாவட்டம் முழுக்கச் சேர்த்தே சுமார் 33,000 பேர்தான். தீபாவளி சமயத்தில் ரங்கநாதன் தெருவில் ஒரு சாயங்காலம் அதைவிட அதிகம் பேரை இடித்துக்கொண்டு போயிருப்போம்!

வெஸ்ட்போர்ட் பக்கத்தில் ஒரு முனை. 1770-ல் கேப்டன் குக் கப்பலில் வந்தபோது எதிர்க்காற்று படுத்திய பாட்டில் 'கேப் ஃபவுல்விண்ட்' என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். கெட்ட காற்று முனை! இன்று அந்தக் கெட்ட காற்றில் கடல்நாய்க் குடும்பங்கள் பாறை மேல் மல்லாந்து கிடந்து சுகமாகத் தூங்குகின்றன. "கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்கு அப்புறம் உங்க பெரியப்பா" என்றாள் இவள். மறுக்க முடியவில்லை.

அங்கிருந்து கிரேமவுத் வரை நூறு கிலோமீட்டர், கடலை ஒட்டியே சாலை. ஒவ்வொரு வளைவிலும் 'நிறுத்துங்க மாப்பிள்ளை' என்று ஒரு குரல். நடுவில் புனகைக்கி. தோசையைத் தோசை மேல் அடுக்கி வைத்த மாதிரி பாறைகள். 'பான்கேக் ராக்ஸ்' என்றுதான் பெயரே. சுமார் மூன்று கோடி வருஷத்துக்கு முன்னால் கடலடியில் சிப்பியும் சின்னஞ்சிறு உயிர்களும் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல். நடுநடுவே இருந்த மெல்லிய மண் படிவத்தை மழையும் உப்புக் காற்றும் அரித்து அரித்து, அடுக்கு தனித்தனியாகத் தெரிகிறது. போகிறவர்கள் கடலில் நீர் ஏறும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். அப்போதுதான் அலை அடியில் குகைக்குள் புகுந்து, மேலே துவாரம் வழியாகப் புஸ்ஸென்று பீச்சும். பக்கத்தில் நின்றால் இலவசக் குளியல்.

குளியல் என்றதும் ஞாபகம் வருகிறது. வேனில் எல்லாம் உண்டு என்றேனே, பாத்ரூமும் உண்டு. அங்கேதான் விஷயம்.

கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தித் தூங்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதெல்லாம் இல்லை. 2023-ல் கறாரான சட்டம் போட்டிருக்கிறார்கள். அனுமதித்த இடத்தில்தான் நிறுத்தலாம். கேம்ப் அல்லாத பொது இடங்களில் பெரும்பாலும், வண்டிக்குள்ளேயே பொருத்திய டாய்லெட்டும் அழுக்குத் தண்ணீர் தொட்டியும் இருந்து, பரிசோதித்துக் கொடுத்த பச்சை அட்டை கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் தண்டம். ஒரு சொட்டு சோப்புத் தண்ணீரைக்கூட மண்ணில் விடக்கூடாது. நாம் கொண்டுவந்ததை நாமே எடுத்துக்கொண்டு போகணும்.

சரி, எடுத்துக்கொண்டு போய்?

ஹோகிடிகா ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. டாய்லெட்டுக்குக் கீழே, வெளியிலிருந்து இழுக்கிற மாதிரி ஒரு பெட்டி. 'கேஸட்' என்கிறார்கள். எனக்குத் தெரிந்த கேஸட்டில் இளையராஜா பாட்டுதான் இருக்கும். இந்தக் கேஸட்டை 'டம்ப் ஸ்டேஷன்' என்கிற இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், மூடியைத் திறந்து, தரையில் உள்ள குழியில் கவிழ்த்து, குழாயில் அலசி, நீல மருந்து ஊற்றித் திரும்பப் பொருத்த வேண்டும்.

மாப்பிள்ளை கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

"ஐயோ! மாப்பிள்ளையா?" என்று அலறினாள் இவள். "என்னங்க, பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களே! இதுக்கெல்லாம் இங்கே ஆள் கிடையாதா?"

"ஆள் இருக்கு அத்தை. நாமதான்" என்றார் மாப்பிள்ளை.

எங்களுக்கு முன்னால் வெள்ளைத் தலையோடு ஒருவர் நின்றிருந்தார். அவரும் கையில் பெட்டி வைத்திருந்தார். பேச்சுக் கொடுத்தேன். ரிட்டயரான டாக்டராம், முப்பது வருஷம் ஆபரேஷன் செய்த கை. விசிலடித்துக்கொண்டே கவிழ்த்தார், அலசினார், அடுத்தவருக்காகக் குழியைச் சுற்றித் தண்ணீர் அடித்துவிட்டு, 'இனிய பயணம்' என்று சொல்லிப் போனார்.

கையுறையை மாப்பிள்ளையிடமிருந்து வாங்கிக்கொண்டேன். இரண்டு நிமிஷ வேலை. நாற்றம்கூட நினைத்த அளவு இல்லை. மனசில்தான் நெடுநேரம் இருந்தது. மனிதக் கழிவை மனிதன் அள்ளக் கூடாது என்று நம் நாட்டில் 1993-ல் ஒரு சட்டம் போட்டோம், போதாமல் 2013-ல் இன்னொன்று போட்டோம். அதற்கப்புறமும் சாக்கடைக்குள் இறங்கியவர் மூச்சுத் திணறிச் செத்தார் என்று பேப்பரில் வருகிறது, காப்பியோடு படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டுகிறோம். யாரோ இருக்கிறார்கள் என்ற தைரியம். அந்த 'யாரோ'வுக்கு அன்று ஹோகிடிகாவில் என் முகம் இருந்தது.

ஹோகிடிகா சாதாரண ஊர் இல்லை. 1864-ல் தங்கம் கிடைத்து, உலகமே கப்பல் ஏறி வந்த இடம். ஆற்று முகத்துவார மணல் திட்டில் மோதி உடைந்த கப்பல்கள் ஏராளம். தங்கம் தீர்ந்தது, கூட்டம் போனது. பக்கத்து ஆறுகளில் கிடைக்கும் 'பொனாமு' என்கிற பச்சைக் கல் மட்டும் போகவில்லை. மாவோரிகளுக்கு அது தங்கத்தைவிட உசத்தி. தீவுக்கே அந்தக் கல்லின் பெயர்தான். நய் தாஹு என்ற மாவோரி மக்களுக்கே அது சொந்தம் என்று 1997-ல் சட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். கடை கடையாக நுழைந்து விலை கேட்டுவிட்டு, "மைலாப்பூர்ல மரகதமே வாங்கிடலாம்" என்று இவள் வெளியே வந்துவிட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. இங்கே வருஷத்துக்குச் சுமார் 2,900 மில்லிமீட்டர், சென்னை மழையைப் போல இரண்டு மடங்கு. மழையோடு 'ஸாண்ட்ஃபிளை' என்று ஒரு பூச்சி. நம்ம கொசு பாட்டுப் பாடி அறிவித்துவிட்டுக் கடிக்கும், இது ஓசையே இல்லாமல் கடிக்கும். தெற்கே மில்ஃபோர்டின் அழகில் மயங்கி மனிதர்கள் அங்கேயே தங்கிவிடக் கூடாது என்று ஒரு தேவதை இதை ஏவிவிட்டாள் என்பது மாவோரிக் கதை. அப்படிப்பட்ட தேவதை ஊட்டிக்கும் ஒன்று வேண்டும்.

ஹோகிடிகாவுக்குத் தெற்கே சாலை கடலை விட்டு உள்ளே போகிறது. காடும் ஆறும் ஒற்றை வழிப் பாலங்களுமாக வருகின்றன. போர்டில் பெரிய அம்பு நம் திசையில் இருந்தால் நாம் போகலாம், சின்னச் சிவப்பு அம்பு இருந்தால் காத்திருக்கணும். எதிரே வருகிறவர் கடந்ததும் கை ஆட்டுவார். ஒரு வாரத்தில் ஒரு ஹாரன் சத்தம் கேட்கவில்லை.

ஃபிரான்ஸ் ஜோசஃப் ஊரில் பனியாறு. அங்கே 1931-ல் கட்டிய ஒரு குட்டி சர்ச். பீடத்துக்குப் பின்னால் சுவருக்குப் பதில் ஜன்னல் வைத்தார்கள், பிரார்த்தனையின்போது பனியாறு தெரியட்டும் என்று. 1946-ல் அந்தக் காட்சி தபால் தலையாகவும் வந்தது. இப்போது ஜன்னலில் காடும் மலையும்தான். பனியாறு பின்வாங்கிவிட்டது. 1983-லிருந்து 1999 வரை முன்னேறியும் வந்திருக்கிறது. 2008-க்கு அப்புறம் ஒரே ஓட்டம். 2012-லிருந்து நடந்து போய்ப் பனியில் கால் வைக்க முடியாது, ஹெலிகாப்டர்தான். நாங்கள் மேட்டில் நின்று பார்த்தோம். மலை இடுக்கில் அழுக்கு வேட்டி மாதிரி எங்கோ தூரத்தில் தொங்கியது.

"இதையும் யாராவது அலசி மறுபடி மாட்டமாட்டாங்களா?" என்றாள் இவள். சிரிக்கத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அந்த ஹெலிகாப்டர் புகையும், நாங்கள் வந்த விமானப் புகையும், வேனின் டீசலும் எந்தப் பெட்டியில் பிடித்து எந்தக் குழியில் கவிழ்ப்பது?

2019 மார்ச்சில் இங்கே ஒரு மழை. மலையில் ஓர் இடத்தில் 48 மணி நேரத்தில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. ஃபிரான்ஸ் ஜோசஃப் பாலத்தையே ஆறு அடித்துக்கொண்டு போனது. 18 நாளில் புதுப் பாலம் போட்டார்கள். பக்கத்து ஃபாக்ஸ் ஆறு வேறு வேலை செய்தது. கரையில் பழைய குப்பைக் கிடங்கு ஒன்று இருந்தது. வருஷக்கணக்கில் ஊர் போட்ட குப்பையை மண் போட்டு மூடி, எல்லோரும் மறந்தும்விட்டார்கள். ஆறு மறக்கவில்லை. கிடங்கை உடைத்து, அத்தனை பிளாஸ்டிக்கையும் கடலில் சேர்த்தது. கடல் பல மைல் நீளத்துக்குக் கரையில் திருப்பிக் கொடுத்தது. தொண்டர்களும் ராணுவமும் மாசக்கணக்கில் குனிந்து பொறுக்கினார்கள்.

புரூஸ் பே என்ற இடத்தில் சாலை மறுபடி கடலைத் தொடுகிறது. ஓரமெல்லாம் வெள்ளைக் கூழாங்கற்கள், வந்து போனவர்கள் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்புறம் நைட்ஸ் பாயின்ட். பெயரைப் பார்த்து ஏதோ வீரர் என்று நினைத்தேன். சாலைக்கு அளவெடுத்த சர்வேயரின் நாயாம்! 1965-ல்தான் இந்தச் சாலை முழுசாகத் திறந்தது. அங்கே நின்று பார்த்தால் கீழே காடு, பாறை, நீலக் கடல். நாய்க்குக் கொடுத்து வைத்திருக்கிறது.

ஹாஸ்ட் ஆற்றின் மேல் எழுநூறு மீட்டருக்கும் நீளமான ஒற்றை வழிப் பாலம். அதைக் கடந்து அன்றிரவு கேம்ப். காலையில் கிளம்பும் முன் கேஸட் முறை வந்தது. நானும் மாப்பிள்ளையும் கையுறையைத் தேடினோம். காணோம்.

வெளியே எட்டிப் பார்த்தால், புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, பெட்டியைத் தள்ளியபடி இவள் போய்க்கொண்டிருந்தாள்.

"அந்த நீல மருந்து பாட்டிலை எடுத்துட்டு வாங்க" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.