தென்திசையில் ஒரு மாம்பழக் காலம்

பண்டத்தரிப்பில் பிறந்தவனுக்கு மாம்பழக் காலம் என்றால் வைகாசியும் ஆனியும்தான். கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், அம்பலவி, செம்பாட்டான் என்று பெயர்களை அடுக்கி, இவற்றுக்கு இணையான பழம் உலகில் எங்கும் இல்லை என்று வாதாடுவது யாழ்ப்பாணத்தவரின் பிறவிக் குணம். அந்த வாதத்தைப் பிறர் தோட்டத்தில் நின்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு சில ஆண்டுகளுக்கு முன் எனக்குக் கிட்டியது.

அவுஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில், டார்வின் நகருக்குத் தெற்கே ஒரு மாந்தோப்பு. அங்கு பணிபுரியும் உறவினர் ஒருவர் ஒக்ரோபரில் அழைத்திருந்தார். பூமத்திய ரேகைக்குத் தெற்கே பருவம் தலைகீழ். எங்கள் ஊரில் மாரி மழை தொடங்கும் வேளையில் அங்கே மாம்பழ அறுவடை மும்முரமாக நடக்கிறது.

அங்கு பெரிதும் பயிராவது 'கென்சிங்டன் பிரைட்' என்னும் இனம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குவீன்ஸ்லாந்தின் போவன் துறைமுக நகரில் வேரூன்றியது. இந்தியாவுக்குக் குதிரை ஏற்றிச் சென்று மீண்ட வணிகர்கள் வழியே அதன் விதை வந்தது என்று சொல்வார்கள். அப்படியானால் அதுவும் எம்மைப் போல் புலம்பெயர்ந்ததே. விதையிலிருந்து முளைத்தாலும் தாய்மரத்தின் குணம் பெரும்பாலும் மாறாமல் வருவது அதன் சிறப்பு.

காம்பு முறியும்போது பீறிடும் பால் பழத்தின் தோலைச் சுட்டுக் கருக்கும் என்பது, கொக்கத்தடி பிடித்த எவருக்கும் தெரிந்ததே. அங்கே பறித்த கணமே கழுவும் கரைசலில் நனைக்கின்றனர். அதையும் மீறிப் பால்வடு விழுந்தால் பழம் முதல் தரத்திலிருந்து இறங்கிவிடும். சுவையில் ஒரு குறையும் இராது. தீமோரிலிருந்தும் பசுபிக் தீவுகளிலிருந்தும் பருவகால வேலைக்கு வந்திருந்த இளைஞர்களோடு அமர்ந்து, இடைவேளையில் அந்த வடுப்பட்ட பழங்களையே உண்டோம். ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்கவில்லை. முழங்கை வரை சாறு வழிய, எல்லோரும் கொட்டையைச் சூப்பினோம்.

"என்ன அண்ணை, ஊர்ப் பழம் மாதிரி இருக்கோ?" என்றார் உறவினர்.

மணம் வேறு, இனிமைக்குக் குறைவில்லை. அத்தனை நிறைவாக மாம்பழம் உண்டு நெடுங்காலம் ஆகியிருந்தது. அதன் காரணம் பழத்தில் இல்லை என்று அப்போதுதான் விளங்கிற்று.

1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தபோது நாங்களும் வீட்டைப் பூட்டிவிட்டு நடந்தோம். 1996இல் திரும்பியபோது முற்றத்துக் கறுத்தக்கொழும்பான் காய்த்து நின்றது. முதற்பழத்தைக் கோயிலுக்குக் கொடுத்து, அடுத்த கடகத்தை வேலிக்கு மேலால் அயலுக்கு நீட்டுவது அம்மாவின் வழக்கம். அந்த ஆண்டு வேலிக்கு அப்பால் கை நீட்ட ஆளில்லை. சிலர் வன்னியில், சிலர் கடல் கடந்து. மிஞ்சிய பழங்களை வௌவால்கள் தின்றன. அம்மா ஒரு பழத்தை அரிந்து, பாதியை அப்படியே வைத்துவிட்டார்.

இப்போது பக்கத்து வீட்டில் புதியவர்கள் குடியிருக்கிறார்கள். அவர்கள் பூர்வீகம் எது என்று நான் கேட்டதில்லை. ஆனி பிறந்ததும் அவர்களுக்கு ஒரு கடகம் போகிறது.