மருந்துக்கு ஒரு விலாசம்

உயிரணுவை எங்கள் நாட்டுப் பாடநூல்கள் கலம் என்கின்றன. பழந்தமிழ் கற்றவனுக்கோ கலம் என்றால் கப்பல். திருகோணமலைத் துறைமுகத்தருகே குடியிருந்துகொண்டு மாணவர்க்குப் பாடம் சொல்லும் எனக்கு இவ்விரட்டைப் பொருள் நன்கு உதவுகின்றது. துறை எத்துணை ஆழமாயினும், சரக்கு உரிய இடத்தில் இறங்கினாலன்றோ பயன்!

சென்ற ஆண்டு என் தமக்கையார் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டார். விரைந்து பெருகும் கலங்களையெல்லாம் தாக்கும் மருந்து அது. நோயைத் தேடிச் சென்றது மயிர்க்கால்களையும் வாயின் உட்புறத்தையும் விட்டுவைக்கவில்லை. "தம்பி, இந்த மருந்துக்கு விலாசம் தெரியாதோ?" என்று கேட்டார்.

அந்த விலாசத்தைத் தேடுவோருள் ஒருவர் யமுனா கிருஷ்ணன். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் இரசாயனம் பயின்றவர். பரம்பரைச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. இழையை அவர் கட்டடப் பொருளாகக் கொண்டார். ஓர் இழை தன் இணை எழுத்துக்களையுடைய இழையோடுதான் பின்னிக்கொள்ளும். ஆதலின் எழுத்துக்களை முறையாக வகுத்தால் வேண்டிய வடிவம் தானே அமையும். 2009இல், பெங்களூரில் பணியாற்றுகையில், கலத்தினுள்ளே அமிலத்தன்மையை அளக்கும் நுண்கருவியை இவ்வாறு ஆக்கினார். 2011இல் அது உயிருள்ள புழுவினுள் சென்றது.

ஒரு மில்லிமீற்றர் நீளமே உள்ள, கண்ணாடிபோன்ற புழு அது. அதன் உடற்குழியில் கழிவுகளை விழுங்கும் ஆறு கலங்கள் உள. உட்செலுத்திய டி.என்.ஏ.யை அவையே பற்றி இழுத்துக்கொண்டன. ஆனால் துப்புரவாளன் வாரிச் செல்வதை விநியோகம் என்னலாமா? சிக்காகோவுக்குச் சென்றபின், 2021இல் அவர் குழுவினர் வேறொரு வழியைக் காட்டினர். குறித்ததொரு டி.என்.ஏ. எழுத்துவரிசையை மட்டும் பற்றும் புரதத்தைப் புழுவின் நரம்புக் கலங்களில் தோன்றச் செய்தனர். அவ்வரிசையைத் தாங்கிய கருவி அங்கே போய்ச் சேர்ந்தது. கலத்துக்குள் கலம்!

இது எங்கள் ஆஸ்பத்திரிக்கு எப்போது வரும் என்றார் அக்கா. விரைவில் என்று சொல்ல என் நா எழவில்லை. புழுவின் மரபணுவை மாற்றலாம். நோயாளியிடம் அது எளிதன்று. நம் குருதியிலுள்ள நொதியங்கள் டி.என்.ஏ.யை வெட்டிவிடும், தப்பியவற்றுட் பெரும்பகுதியை ஈரல் வாரிக்கொள்ளும். அந்த ஈரலுக்கு மட்டும் விலாசம் கிடைத்திருக்கின்றது: ஈரற் கலங்கள் விரும்பிப் பற்றும் ஒருவகைச் சர்க்கரையை ஆர்.என்.ஏ. மருந்தோடு பிணைத்தனுப்பும் முறைக்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் போர்பிரியா என்னும் அரிய நோய்க்கே. மற்ற உறுப்புக்களின் விலாசங்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றனர்.