கடிகாரத்தின் மேல் ஒரு பழி

அணைத்து வைத்த டிஜிட்டல் கேமராவில் பேட்டரி இறங்கிப்போனால் கைகாட்டப்படும் குற்றவாளி ஒன்றுதான்: உள்ளே ஓடும் கடிகாரம். இந்தப் பதில் எனக்கு வெகுநாள் உறுத்தல். கடிகாரம் ஓடுவது உண்மை. அது எவ்வளவு தின்னும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. பழைய கேமரா ஒன்றில் சாட்சி கிடைத்தது. 2008-இல் வந்த கேனான் 5டி மார்க் 2, தேதியையும் நேரத்தையும் காக்க சிஆர்1616 என்ற பொத்தான் பேட்டரியைத் தனியாக வைத்திருந்தது. ஏறத்தாழ 50 மில்லி ஆம்ப்-மணி கொள்ளளவுள்ள அந்த வில்லை ஆண்டுக்கணக்கில் உழைத்தது. ஐந்தாண்டு என்று வைத்தால் கடிகாரம் இழுத்தது ஒரு மைக்ரோ ஆம்ப் சொச்சம். அந்த வேகத்தில் அதே கேமராவின் 1800 மில்லி ஆம்ப்-மணி பெரிய பேட்டரியைத் தீர்க்க 200 ஆண்டு போலாகும்!

கணக்கைத் திருப்பிப் போட்டதும் தேடல் வேறு பக்கம் போனது. அந்தப் பேட்டரி பதினைந்து நாளில் காலியாக வேண்டுமானால் இடைவிடாமல் 5 மில்லி ஆம்ப் போக வேண்டும். கடிகாரத்தைப்போல் சில ஆயிரம் மடங்கு. இவ்வளவு இழுக்க வேறொன்று விழித்திருக்க வேண்டும். இன்றைய கேமராக்களில் சுவிட்ச் பெரும்பாலும் மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. உறங்கச் சொல்லிச் சில்லுக்குச் சைகை மட்டும் காட்டுகிறது. கேனான் 6டி-யில் ஜிபிஎஸ்ஸை இயக்கிவிட்டால், அணைத்த பிறகும் அது அவ்வப்போது செயற்கைக்கோளைத் தேடும். நிக்கான் கேமராக்கள் பலவற்றில், அணைந்த நிலையிலும் புளூடூத் வழியே படம் அனுப்பும் வசதி மெனுவில் இருக்கிறது. ஆக, பல கேமராக்களில் இது பழுதே அல்ல, என்றோ நாம் ‘சரி’ என்று அழுத்திய வசதி.

பேட்டரியே தானாக இறங்காதா என்று கேட்கலாம். இறங்கும். லித்தியம்-அயனில் அது மாதத்துக்குச் சில சதவீதம்தான். பழைய வகை நிக்கல் உலோக ஹைட்ரைடு செல்களில் நிறையவே போகும், அங்கே கேமராவைக் குறைசொல்வதில் நியாயமில்லை. மூப்படைந்த பேட்டரி முழுச் சார்ஜ் காட்டிவிட்டுச் சட்டென்று சரிவதும் உண்டு. குறை பேட்டரியிலா கேமராவிலா என்று பிரித்தறிய, பேட்டரிக்கு முழுச் சார்ஜ் ஏற்றி ஒரு வாரம் வெளியே வையுங்கள். மறுபடி ஏற்றி, அடுத்த வாரம் கேமராவுக்குள். வெளியேயும் இறங்கினால் பேட்டரி. உள்ளே மட்டும் இறங்கினால் முதலில் ஜிபிஎஸ், புளூடூத் இரண்டையும் நிறுத்திப் பாருங்கள். அப்புறம் பேட்டரி கிரிப், லென்ஸ், மெமரி கார்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். ‘பேட்டரியைக் கழற்றி வைத்தால் போதாதா’ என்பவர்களுக்கு: இறங்குவது நிற்கும், காரணம் தெரியாது. மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் அணைத்த கணமே அளவெடுக்க வேண்டாம். கேமரா கடைசி வேலைகளை முடித்து அடங்கச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குமுன் காட்டும் எண் உறக்கத்தின் கணக்கல்ல.