அடியில் பெயர் இல்லாத உரல்

என்னிடம் 11 உரல், 7 அம்மி, 3 திருகை, கணக்கில்லாத கரண்டிகள் இருக்கின்றன. மொத்தத்தையும் இரண்டு பனையோலைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம். எதுவும் ஒரே செட் கிடையாது. உலக்கை இல்லாத உரல், குழவி தொலைந்த அம்மி, பானை போய்விட்ட அடுப்பு. நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழாக் கடையில் வாங்கியது கொஞ்சம், குற்றால சீசனில் வாங்கியது கொஞ்சம், பேட்டையில் பழைய சாமான் எடைக்கு எடுக்கிற அண்ணாச்சியிடம் கெஞ்சி வாங்கியது கொஞ்சம், சொந்தக்காரர்கள் வீட்டுப் பரணில் தூசியோடு இறக்கியது மிச்சம். மரமாக இருக்க வேண்டும், அரக்கு ஏற்றியதாக இருக்க வேண்டும். வேறு விதி வைத்துக்கொள்ளவில்லை. "ஒரு அம்மில அரைக்கத் தெரியாது, ஏழு அம்மி வச்சிருக்கா" என்று வருகிறவர்களிடம் எல்லாம் அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சொப்பு என்றால் எங்கள் பக்கம் அம்பாசமுத்திரம்தான். பேட்டை ஸ்டேஷனில் செங்கோட்டை பாசஞ்சர் ஏறினால் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி தாண்டி அம்பை. கடைசல் பட்டறையில் நின்று பார்த்தால்தான் அரக்கின் சூட்சுமம் புரியும். தூரிகையால் அடிக்கிற பெயிண்ட் இல்லை அது. மரம் சுற்றிக்கொண்டே இருக்கும். சாயம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் வைத்து அழுத்துவார்கள். உராய்கிற சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறிவிடும். பிறகு ஓலையை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு. உரல் மாதிரி ஒரு சாமான் பிறக்க சில நிமிஷம்தான் ஆகிறது. அந்தச் சில நிமிஷத்துக்குக் கை பழக எத்தனை வருஷம் என்பது வேறு கணக்கு.

கர்நாடகத்தின் சென்னபட்டணத்திலும் ஆந்திராவின் ஏட்டிகொப்பாகாவிலும் இதே வேலைதான். அங்கே இரண்டு இடத்திலும் மரம் நம் வெட்பாலை. சென்னபட்டணத்துக்காரர்கள், தங்கள் ஊர் பாவஸ் மியான் ஜப்பானிய அரக்கு வேலையைக் கற்றுவந்து இங்கே புகுத்தியதாகச் சொல்வார்கள். அந்தக் கதையைத் துரத்திக்கொண்டு போனபோதுதான் எனக்குக் கொகேஷி அறிமுகமானது.

கொகேஷி ஜப்பானின் வடகிழக்கில், தொஹோகு பகுதியில் பிறந்த மரப்பொம்மை. உருண்டைத் தலை, உருளை உடம்பு, கை கிடையாது, கால் கிடையாது. கிண்ணமும் தட்டும் கடைகிற மலைநாட்டுக் கடைசல்காரர்கள் 19-ம் நூற்றாண்டின் முற்பாதியில் வெந்நீர் ஊற்று ஊர்களில் இதைக் கடைந்து விற்க ஆரம்பித்தார்கள். விவசாய வேலை ஓய்ந்ததும் உடம்பு வலி தீரக் குளிக்க வருகிற சம்சாரிகள், வீட்டில் விட்டுவந்த பிள்ளைக்கு ஒன்று வாங்கிப் போவார்கள். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே நம்ம குற்றாலம்லா! அருவி, சீசன், எண்ணெய் வழிகிற தலை, திரும்பும்போது பிள்ளைக்கு ஒரு சொப்புப் பெட்டி. வெந்நீருக்குப் பதில் தண்ணீர், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. தகர பொம்மையும் செல்லுலாய்டு பொம்மையும் வந்ததும் ஜப்பானியப் பிள்ளைகள் கொகேஷியைக் கைவிட்டார்கள். காப்பாற்றியது பெரியவர்கள், என்னை மாதிரி சேர்க்கிற பைத்தியங்கள். செந்தாய் நகரத்து அமாயே தொமியா 1928-ல் கொகேஷிக்கென்றே ஒரு புத்தகம் கொண்டுவந்தார். ஊருக்கு ஒரு பெயராகக் கிடந்ததை 1940-ல் நருகோவில் கூடிய கூட்டத்தில் கொகேஷி என்று ஒன்றாக்கினார்கள். இன்றைக்கு ஊர்வழி, குருவழி என்று மரபுகள் பிரித்திருக்கிறார்கள். தலையைத் திருகினால் கீச்சென்று சத்தம் வந்தால் நருகோ. கண்ணை எழுதியிருக்கிற விதம் பார்த்தே செய்தவர் யாரென்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அடியில் கடைந்தவரின் பெயர் இருக்கும்.

என் உரல்களைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றிலும் ஒரு எழுத்து இல்லை.

அடுத்த தடவை அம்பைக்குப் போனபோது, நான் வழக்கமாக வாங்குகிற கடைசல்காரரிடம் கேட்டேன். "அண்ணாச்சி, அடியில உங்க பேரு எழுதித் தாங்களேன்."

"உரல்ல போயி எவனாவது பேரு எழுதுவானா?" சுற்றுகிற மரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எழுதுனா வெலை கூடத் தருவியளோ?"

"தருவேன்."

"அப்ப பிள்ளைகளுக்கு எவன் வாங்குவான்? நீங்கதான் வாங்கணும்."

எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் அவர் பட்டறையில் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தால், அவர் பயப்படுகிற காரியம் பாதி நடந்தே முடிந்திருந்தது. ஒரு அடுக்கு கொலுவுக்கு. ஒரு அடுக்கு யாரோ வீட்டுக் கல்யாணத்தில் வந்தவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க. விளையாட என்று போகிறது எவ்வளவு என்று கேட்டதற்கு, கையை விரித்துக் காட்டினார். பிளாஸ்டிக் கிச்சன் செட் எல்லாத் திருவிழாக் கடையிலும் தொங்குகிறது. விலை குறைவு, விசில் வேறு அடிக்கிறது.

எனக்குத் தோன்றுவது இதுதான்: பெரியவர்கள் வாங்கத்தான் போகிறார்கள் என்றால், பெயராவது இருக்கட்டும். பெயர் இல்லாத சாமானுக்கு எடைக்குத்தான் விலை. பத்தமடைப் பாய் என்றால் ஊருக்கு மரியாதை இருக்கிறது, நெய்த பெண்ணுக்கு? அம்பை சொப்பும் அப்படித்தான். நருகோவில் ஒருவர் இறந்துபோனால் அவர் கண் எழுதுகிற விதம் போய்விட்டது என்று வருத்தப்பட நாலு பேர் இருக்கிறார்கள். அம்பையில் ஒருவர் இறந்தால் எந்த உரல் அவருடையது என்று சொல்ல ஆள் கிடையாது.

அவர் பெயர் எழுதவில்லை. ஆனால் அன்றைக்கு நான் வாங்கிய பெட்டியில் ஒவ்வொரு சாமானுக்கும் அடியில், உளி நுனியால் இரண்டு மெல்லிய கோடு இழுத்துக் கொடுத்தார். "இது போதும்லா. காசு கூட வேண்டாம்."

அந்த இரட்டைக்கோட்டுப் பெட்டியை அலமாரியில் மேல்தட்டில் வைத்திருந்தேன். பழசுகளில் ஆச்சியுடைய உரல் ஒன்று உண்டு. குழிக்குள் அரக்கே கிடையாது, வெள்ளை மரம் தெரியும். பச்சரிசியும் கருப்பட்டியும் போட்டு நிஜமாகவே இடித்திருக்கிறார்கள். கொகேஷி சேர்க்கிறவர்களின் கணக்குப்படி வெயிலில் நிறம் வெளுத்தாலே மதிப்பு குறைவு. இதை அவர்கள் தொடக்கூட மாட்டார்கள். எனக்கு இருப்பதில் உசத்தி இதுதான். அப்படியென்றால் மேல்தட்டில் பளபளவென்று இருக்கிறதே, அது என்ன சாமான்?

போன கோடை லீவில் அக்கா மகள் வந்தாள். ஆறு வயசு. நாற்காலி போட்டு ஏறி அவளே அந்தப் பெட்டியை எடுத்துவிட்டாள். வாசலில் மணல், வேப்பிலைக் கீரை, செங்கல்பொடிக் குழம்பு. பிடுங்க எழுந்தவள் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். "ஏட்டி, ஈரத்தில போடாத" என்று மட்டும் சொன்னேன். சாயங்காலத்துக்குள் உரலில் மூன்று கீறல். ஒரு குழவி சாக்கடைக்குள் போய்விட்டது. அம்மா முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

ஊருக்குப் போகும்போது பெட்டியை அவளே எடுத்துக்கொண்டு போனாள். நேற்று போன் பண்ணினாள்.

"சித்தி, இதுல மிக்ஸி இல்ல."

"அந்தக் காலத்துல ஏதுட்டி மிக்ஸி?"

"அந்தத் தாத்தாட்டச் சொல்லி செஞ்சு வாங்கிட்டு வா. மூடி கழலணும். அடியில ரெண்டு கோடு போடச் சொல்லு."