தக்காளி உண்ணாத லோலா

உணவுத் தட்டின்முன் அமர்ந்து, "இது வேண்டா, அது வேண்டா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தை இல்லாத நாடு இல்லை. இங்கிலாந்து நாட்டு லோலாவும் அத்தகையவளே. அவள் ஊனும் உதிரமும் உடைய சிறுமி அல்லள். லாரன் சைல்டு என்னும் அம்மையார் எழுதி, தாமே படமும் தீட்டி, 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட படநூல் ஒன்றில் வாழ்பவள். தக்காளியை ஒருபோதும் உண்ணேன் என்று அவள் உரைக்கும் சூளுரையே அந்நூலின் பெயர். ஓர் எதிர்மறைச் சொல் போதாது என்று கருதினாள் போலும்! ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆங்கில இலக்கணத்தையும் சற்றே வளைத்துவிடுகிறாள்.

லோலாவுக்குச் சார்லி என்னும் அண்ணன் உண்டு. தங்கைக்கு உணவு கொடுக்கும் பொறுப்பைப் பெற்றோர் சில வேளைகளில் அவனிடம் ஒப்படைப்பர். அஃது எளிய பணி அன்று. பட்டாணி ஆகாது, காரட்டு ஆகாது, உருளைக்கிழங்கு ஆகாது, காளான் ஆகாது. அவள் விலக்கியவற்றைச் சொல்லி முடிப்பதைவிட, ஏற்பவற்றைத் தேடுவதே அரிது. தக்காளியின் பேச்சையோ எடுக்கவே கூடாது.

அண்ணன் அவளோடு வழக்காடவில்லை. காய்கறி உடலுக்கு நலம் தரும் என்ற பழம்பாடத்தை ஓதவும் இல்லை. அவள் வெறுக்கும் பண்டங்களுள் எதுவும் இன்றைய உணவில் இல்லை என்று அமைதியாகச் சொல்லிவிடுகிறான். மேசைமேல் கிடக்கும் காரட்டை அவள் சுட்டிக்காட்டுகிறாள். அது காரட்டே அன்று, வியாழன் என்னும் கோளிலிருந்து வந்த பொருள் என்கிறான் அவன்! பட்டாணி, கிரீன்லாந்திலிருந்து வந்த பச்சைத் துளிகளாகிறது. மசித்த உருளைக்கிழங்கு, சப்பான் நாட்டுப் பூஜி மலையின் உச்சியில் தவழ்ந்த மேகத்தின் துணுக்காகிறது. மீன் துண்டுகளோ, கடலடியில் உள்ள கடையில் கடற்கன்னியர் விரும்பி வாங்குபவை. லோலா ஐயத்தோடு ஒன்றைக் கடித்துப் பார்க்கிறாள்; பிறகு மற்றொன்றைக் கேட்கிறாள். படங்களும் இவ்விளையாட்டில் சேர்ந்துகொள்கின்றன. வரைந்த உருவங்களோடு ஒளிப்படத் துண்டுகள் ஒட்டப்பெற்றிருக்கின்றன. எழுத்துகளும் ஓரிடத்தில் நில்லாமல் பெருத்தும் சிறுத்தும் வளைந்தும் ஓடுகின்றன. இங்கிலாந்தில் சிறந்த குழந்தைநூல் ஓவியத்துக்கு அந்நாளில் அளிக்கப்பெற்ற கேட் கிரீன்அவே பதக்கம் 2000ஆம் ஆண்டுக்கு இந்நூலுக்கே கிடைத்தது.

சார்லி தன் தங்கையை ஏமாற்றுகிறான் அல்லவா என்று சிலர் வினவக்கூடும். நேர்மையான வினாவே. ஆனால் மணலால் சிறுசோறு சமைத்து, வந்தவர்க்கெல்லாம் இலையிட்டுப் படைக்கும் சிறுமி, அது மணல் என்பதை மறந்துவிட்டா விளையாடுகிறாள்? கடற்கன்னியர் கடைக்குச் செல்வதில்லை என்பது லோலாவுக்கும் தெரியும். அவளுடைய இடர் வேறு. உண்ணேன் என்று எல்லார் முன்னும் சொல்லியாயிற்று. காரட்டைக் காரட்டு என்ற பெயரோடு உண்டால் அது தோல்வி. வியாழக்கோளின் விளைவாக உண்டால் அது விளையாட்டு. தன் சொல்லைத் தானே விழுங்க நேராமல் காரட்டை விழுங்குவதற்கு ஒரு வாயிலை அண்ணன் திறந்து வைக்கிறான். உள்ளே நுழைவதும் நுழையாததும் அவள் விருப்பம்.

உண்ண மறுத்த குழந்தைகளுக்கெல்லாம் நூலுலகில் இத்தகைய அண்ணன் வாய்த்ததில்லை. செருமனி நாட்டில் பிராங்பர்ட் நகரில் ஐன்ரிக் ஆப்மன் என்னும் மருத்துவர் இருந்தார். 1844ஆம் ஆண்டு கிறித்துமசுத் திருநாளுக்கு முன், மூன்று வயது மகனுக்குப் படநூல் வாங்கக் கடைத்தெருவுக்குச் சென்றார். கண்ட நூல்களெல்லாம் வறட்டு அறிவுரைகளாக இருந்தமையால் மனம் சலித்து, எழுதாத வெற்றேடு ஒன்றை வாங்கி வந்து தாமே கதையும் படமும் அமைத்தார். அது 1845இல் அச்சேறியது. அதில் வரும் காஸ்பர் என்னும் சிறுவன் கொழுகொழுவென்று இருப்பவன். ஒருநாள் தன் சூப்பு வேண்டா என்று கூச்சலிடுகிறான். நாளுக்கு நாள் மெலிகிறான். நான்காம் நாள் நூலிழைபோல் ஆகிறான். ஐந்தாம் நாள் இறந்துபோகிறான். கடைசிப் படத்தில் அவனுடைய கல்லறைமேல் சூப்புக் கிண்ணம் வீற்றிருக்கிறது!

ஆப்மன் இதனை வேடிக்கையாகவே எழுதினார். அளவுக்கு மீறிய அந்த மிகையைக் கண்டு சிரித்த குழந்தைகள் பலர். ஆயினும் காஸ்பரின் பக்கத்தில் யாரும் அமரவில்லை, 'ஏன் வேண்டா?' என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனும் மேசையும் கிண்ணமும் மட்டுமே அங்கு இருக்கின்றன.

கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்குமா என்பதும் ஐயமே. குழந்தைக்குத் தன் மறுப்பின் காரணம் தெரியாது. தாயின் இடுப்பை விட்டிறங்கி ஓடியாடத் தொடங்கும் பருவத்தில், கண்ணில் பட்ட இலையையும் காயையும் வாயிலிடும் பிள்ளைக்குக் கேடு வருதல் எளிது. செடிகொடிகளில் உள்ள நஞ்சுகளுள் பல கசப்பானவை. ஆகவே, கசப்பையும் புதுமையையும் கண்டு அஞ்சும் இயல்பு ஒரு காவலாக அமைந்தது என்று அறிஞர் கருதுவர். ஏறத்தாழ இரண்டு முதல் ஆறு வயது வரை இவ்வச்சம் ஓங்கியிருக்கும். ஒரு காயைப் பத்து முறையும் அதற்கு மேலும் சிறிது சிறிதாகச் சுவைத்த பின்னரே சில குழந்தைகள் அதனை ஏற்பதும், வற்புறுத்தி ஊட்டினால் வெறுப்பே மிகுவதும் ஆய்வுகளில் புலனாகியுள்ளன.

குழந்தைகளைச் சொல்வானேன்? லோலாவின் நாட்டுப் பெரியோர்களே தக்காளியைக் கண்டு நெடுங்காலம் முகம் சுளித்தவர்கள்தாமே! அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய தக்காளி, பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்தது. 1597இல் ஆங்கிலத்தில் பெரியதொரு மூலிகை நூலை வெளியிட்ட ஜான் ஜெரார்டு, இசுபானியரும் இத்தாலியரும் அதனை உண்பதை அறிந்திருந்தும், தீய நாற்றமுடையது, உடலுக்கு ஊட்டமளிக்காதது என்று எழுதி ஒதுக்கினார். அதன்பின் நெடுநாள் அது அந்நாட்டுத் தோட்டங்களில் அழகுக்காகவே காய்த்துக் கிடந்தது.

வந்த இடமெல்லாம் அதற்குப் புதுப்பெயர். இத்தாலியர் பொன் ஆப்பிள் என்றனர். ஆங்கிலேயர் காதல் ஆப்பிள் என்றனர். தமிழகத்திலோ தக்காளி என்பது முன்பே இங்கிருந்த ஒரு சிறுசெடியின் பெயர். புதிதாக வந்ததைச் 'சீமைத்தக்காளி' என்று வேறுபடுத்தி வழங்கினர். நாளடைவில் சீமை உதிர்ந்தது. அது பழமா, காயா என்ற வழக்கும் எழுந்து, அமெரிக்க உச்சநீதிமன்றம்வரை சென்றது. செடிநூலார் பழம் என்றாலும், மக்கள் உணவோடு உண்பதால் சுங்கவரிக்கு அது காயே என்று 1893இல் நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்.

இத்தனை பெயர் பூண்ட தக்காளிக்கு இன்னும் ஒரு பெயர் குறைவாக இருந்தது. காரட்டும் பட்டாணியும் கிழங்கும் மீனும் தீர்ந்தபின், லோலா மேசையின் மறுபக்கம் கைநீட்டி, அதில் ஒன்றைத் தருமாறு கேட்கிறாள். சார்லி பார்க்கிறான், அவள் காட்டுவது தக்காளி! அவன் திகைத்து நிற்கிறான். அவளோ, அது தக்காளி அன்று என்று அவனுக்கே பாடம் சொல்லி, நிலவின் பெயரைச் சேர்த்துத் தானே ஒரு பெயரைச் சூட்டி, சாறு தெறிக்கக் கடிக்கிறாள்.