மாத்திரைக்குள் மகரந்தம்

மியான்மரின் யாங்கோன் நகரில் காய்ச்சல் கண்ட கூலித் தொழிலாளி பெரும்பாலும் முதலில் போவது தெருமுனை மருந்துக்கடைக்குத்தான். கடைக்காரர் இரண்டு மூன்று அட்டைகளைக் கத்தரித்து, நாலைந்து மாத்திரைகளைச் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு நீட்டுவார். உறையில் மருந்தின் பெயர் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. மருந்து ஊழலைப் பற்றிக் குறும்படம் எடுக்க நினைக்கிறவர் கேமராவை முதலில் வைக்க வேண்டிய இடம் அந்தக் கடை மேசை.

படங்கள் வேறு இடத்தில்தான் தொடங்கியிருக்கின்றன. 1949இல் வந்த 'தி தேர்ட் மேன்', போரில் சிதைந்த வியன்னாவில் கலப்பட பென்சிலின் விற்றவனைத் தேடியது. 'தி கான்ஸ்டன்ட் கார்டனர்' கென்யாவின் ஏழைகள் மேல் நடந்த மருந்துச் சோதனையைச் சொன்னது. தமிழில் எஸ்.பி. ஜனநாதன் 'ஈ' படத்தில் அதே கொடுமையைச் சென்னைக் குடிசைப் பகுதிக்குக் கொண்டுவந்தார், துணிச்சலான படம். மூன்றிலும் துரத்திப் போனால் குற்றவாளியின் முகத்தைப் பார்த்துவிடலாம்.

'கான்ஸ்டன்ட் கார்டனர்' வெளியான அதே 2005இல், மியான்மரின் கிழக்குப் பகுதியில் 23 வயது இளைஞர் ஒருவர் மலேரியாவில் இறந்தார். மருத்துவமனைக்குப் போனார், ஆர்டிசுனேட் என்ற மலேரியா மாத்திரையும் கிடைத்தது. பிறகு அந்த மாத்திரையைச் சோதித்தார்கள். பெரும்பகுதி பாராசிட்டமால், ஆர்டிசுனேட் பெயருக்குத்தான் இருந்தது. இந்த மோசடியின் கொடூரம் அந்தப் பாராசிட்டமாலில் இருக்கிறது. உடம்புச் சூடு தணியும், வீட்டார் நிம்மதியாவார்கள், கிருமி பெருகிக்கொண்டே இருக்கும். ஆள் போன பிறகும் பழி நோயின் மேல் விழும். மருந்தை யாரும் சந்தேகிப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனமும் இன்டர்போலும் மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து 'ஆபரேஷன் ஜூபிடர்' என்ற விசாரணையில் இறங்கினார்கள். தென்கிழக்காசியாவில் திரட்டிய 391 ஆர்டிசுனேட் மாதிரிகளில் ஏறக்குறையப் பாதி போலி. அசல் அட்டையில் ஒட்டும் ஹோலோகிராமையே பத்துக்கும் மேற்பட்ட விதங்களில் போலி செய்திருந்தார்கள். சில மாத்திரைகளில் சாஃப்ரோல் இருந்தது; போதை மாத்திரை தயாரிக்க உதவும் பொருள் அது. துப்பு கொடுத்தது மகரந்தம். மாத்திரைக்கான மாவு பிசைந்த இடத்தில் காற்றோடு வந்து விழுந்து, மாத்திரைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்த மகரந்தத் துகள்களை நியூசிலாந்தின் மகரந்த ஆய்வாளர் டல்லாஸ் மில்டன்ஹால் நுண்ணோக்கியில் எண்ணினார். அவையும், கலந்திருந்த கால்சைட் என்ற கனிமமும் தென் சீனாவைக் காட்டின.

2006இல் சீனக் காவல்துறை கைது செய்த ஒருவர் 2,40,000 அட்டைகள் வரை கைமாற்றியதாகக் குற்றச்சாட்டு. பிடிபட்டவை 24,000. மீதியில் பெரும்பங்கு மியான்மர் எல்லை வழியாகப் போனதாகச் சொல்லப்பட்டது. ஓர் அட்டைக்குப் பன்னிரண்டு மாத்திரை, ஓர் ஆளுக்கு ஒரு முழுச் சிகிச்சை.

போலி மாத்திரையில் குறைந்த அளவில் உள்ளே போகும் ஆர்டிசுனேட் இன்னொரு கெடுதலும் செய்கிறது: கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடுகிறது. இந்த மருந்துக் குடும்பத்துக்கு அடங்காத மலேரியா மியான்மரில் பரவலாக இருப்பதாக 2015இல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் ஒரு சோதனை இடமான ஹோமலின், இந்திய எல்லையிலிருந்து 25 கிலோமீட்டர்தான்.

மியான்மர் சும்மா இருக்கவில்லை. 1992இலேயே தேசிய மருந்துச் சட்டம் வந்தது. இருபது ஆண்டு கழித்து, தனி ஆர்டிசுனேட்டுக்குப் பதிலாகத் தரமான கூட்டு மருந்தை மானிய விலையில் கடைகளுக்கு அனுப்பும் திட்டம் தொடங்கியது. அட்டையில் 'படோன்மா' என்ற தாமரை முத்திரை. நம் 'பதும'த்தின் பாலி வழி உறவுச் சொல். தண்டனையைவிட இது நல்ல யோசனை. நல்ல மருந்து மலிவாகக் கிடைத்தால் போலிக்காரனுக்கு லாபம் இல்லை.

படத்தின் இரண்டாம் பாதிக்குத் தமிழ்நாட்டுக்கே வந்துவிடலாம். யாங்கோன் கடை அலமாரிகளில் இந்திய மருந்துகள் நிறைய; தரக்கேடு இங்கேயும் உண்டு. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தை 2025 அக்டோபரில் தமிழக அரசின் ஆய்வகம் சோதித்தபோது, டைஎதிலீன் கிளைகால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதி 0.1 சதவீதம். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் அதைக் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து கடையில் உறையில் கலந்து கொடுத்ததல்ல. லேபிள், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் ஒழுங்காக அச்சிட்ட பாட்டில்.